முட்டை நாற்றம் இல்லாத காலை

எங்கள் குடியிருப்பில் நாற்பத்தெட்டு வீடுகள். திருவொற்றியூர் ரயில்வே லைனை ஒட்டிய தெரு. எண்ணூர்த் தொழிற்சாலைகள் பக்கமிருந்து காற்று திரும்பினால் கண் எரியும், தொண்டை கமறும். அதற்காக ஒருவரும் வாய் திறந்ததில்லை. கம்பெனிக்காரனை யார் கேட்பது? தெருவில் போகும் கழிவுநீர்க் குழாய் நாறினால் மட்டும் நாற்பத்தெட்டு வீட்டுக்கும் ரோஷம் வந்துவிடும். 2001-ல் மனு எழுதினோம். எழுதினோம் என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது, எழுதியவன் நான். 'துர்நாற்றத்தால் குழந்தைகள் உணவருந்த இயலவில்லை' என்று இங்க் பேனாவில், திருத்தமான கையெழுத்தில்.

அந்த மனுவால் வேலை மாறியவர் பீம்ராவ்.

புளியந்தோப்புக்காரர். அந்தப் பெயரை வைத்தபோது பிள்ளை சட்டம் படிப்பான் என்று அவருடைய அப்பா நினைத்தாராம். பிள்ளை பதினெட்டு வயதில் ஒப்பந்தக் கூலியாக மேன்ஹோலில் இறங்கினார். நான் பழகியபோது அவருக்கு நாற்பத்து மூன்று. வேலை முடிந்ததும் குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டுதான் தெருமுனை டீக்கடைக்கு வருவார். எங்களுக்குக் கண்ணாடி கிளாஸ், அவருக்குப் பிளாஸ்டிக் கப். "சீக்கிரம் ஆறிப்பூடும் சார், நல்லதுதான்" என்று எனக்கு அவரே சமாதானம் சொல்வார். அதையும் கேட்டுக்கொண்டு டீ குடித்தவன்தான் நான்.

அவருடைய ஆட்கள் அடைப்பு எடுக்க இறங்குவதற்கு முன்னால் அவர் மோந்து பார்த்தாக வேண்டும். மூடியைத் திறந்து அரை மணி நேரம் விடுவார்கள். பிறகு பீம்ராவ் மூங்கில் கழியால் அடிச் சேற்றைக் கிளறிவிட்டுக் குனிவார். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் விஷவாயு இருக்கிறது என்று அர்த்தம். "முட்டை கீது, இரு" என்பார். யாரும் இறங்க மாட்டார்கள். "முட்டை இல்ல, எறங்கு" என்றால் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். இருபத்தைந்து வருடத்தில் அவர் சொல் தப்பியதில்லை. வாயுவை அளக்கும் மிஷின் ஒன்று ஆபீஸில் உண்டாம். பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது.

"நாத்தம் அடிச்சா பயம் இல்ல சார்" என்று ஒருமுறை சொன்னார். "அடிச்சிகினே இருந்து டக்குனு நின்னுச்சு பாரு, அப்பதான் ஓடணும். மூக்கைக் கொன்னுட்டு அப்பறம் ஆளைக் கொல்லும் அது."

மனு வேலை செய்தது. நாற்றத்துக்கு மருந்து ஊற்ற உத்தரவு வந்தது. தினமும் காலை ஆறு மணிக்குத் தெருவின் மேல்முனை மேன்ஹோலில் ஒரு கேன். அது கழிவுநீரோடு எங்கள் கேட்டைத் தாண்டி பம்பிங் ஸ்டேஷன் வரைக்கும் போகும். ஊற்ற ஓர் ஆள் வேண்டும். ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் பீம்ராவைக் கூப்பிட்டு, இனிமேல் நீ குழிக்குள் இறங்க வேண்டாம், மருந்து ஊற்று, மோந்து பார், போதும் என்றார். அன்றைக்கு அவர் சிரித்த மாதிரி நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

அந்தச் சிரிப்பிலும் ஒரு பாரம் இருந்தது. தங்கை தாயம்மாவின் கணவன் லட்சுமணன் அதே வேலையில் இருந்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவனை, அங்கே வேலை குறைந்ததும், இதில் சேர்த்துவிட்டது பீம்ராவ்தான். "நான்தான் அவனைக் குழியில எறக்குனேன், நான்தான் மேல தூக்கணும்" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரு வருடம் போகட்டும், பக்கத்துத் தெருவுக்கும் மருந்து வந்தால் அதை ஊற்றும் வேலையை லட்சுமணனுக்குத் தருகிறேன் என்று சூப்பர்வைசரிடம் வாக்கு வாங்கி வைத்திருந்தார்.

முதல் ஆறு மாதம் வந்தது உண்மையான மருந்து. பழுப்பாக, துரு கரைத்த தண்ணீர் மாதிரி இருக்கும். கையில் பட்டால் அரிக்கும். கழிவுநீரில் கலந்ததும் வாயுவைப் பிடித்துக் கறுப்பு வண்டலாக அடியில் உட்கார வைத்துவிடும். கழியால் கிளறினாலும் முட்டை நாற்றம் வராது. பீம்ராவுக்கு ஆச்சரியம். "மருந்து அந்த முட்டையத் தின்னுடுது சார்" என்பார். பிறகு ஒருநாள் வெள்ளை கேன் வந்தது. உள்ளே எலுமிச்சை மணம். நல்ல மருந்து போல, வாசனையும் சேர்த்துக் கொடுக்கிறான் என்று அவர் நினைத்தார். எங்கள் குடியிருப்பில் ஒரே சந்தோஷம். ஜன்னலைத் திறந்து வைத்துச் சாப்பிட்டோம். நன்றிக் கடிதமும் நானே எழுதினேன்.

2002 ஐப்பசி. இரண்டு நாள் மழைக்குப் பிறகு எங்கள் கேட்டுக்கு எதிரே அடைத்துக்கொண்டது. ஒன்பது மணிக்கு மூடியைத் திறந்தார்கள். நான் பேப்பரும் கையுமாக கேட்டில் நின்றிருந்தேன். பீம்ராவ் வழக்கம்போல அரை மணி விட்டார். வழக்கம்போல கிளறினார், குனிந்தார். ஒருமுறைக்கு இரண்டு முறை மோந்தார். எனக்கே எலுமிச்சை மணம் வந்தது.

"முட்டை இல்ல. மருந்து தின்னுட்ச்சு. எறங்கு மாப்ள."

"நீ சொன்னா சரி மச்சான்" என்றான் லட்சுமணன். இறங்கினான்.

கயிறு ஒருமுறை வெடுக்கென்று இழுபட்டது. அவ்வளவுதான். பீம்ராவ் குழிக்குள் காலை விட்டுவிட்டார், மற்ற மூன்று பேர் அவர் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துத் தள்ளினார்கள். கயிற்றை இழுத்து லட்சுமணனை மேலே கொண்டுவந்தபோது மூச்சு இல்லை.

தெருமுனையில் கிடந்த காலி கேனை நான் போய் எடுத்துப் பார்த்தேன். அதற்கு முன்னால் ஒருநாளாவது பார்த்திருக்கலாம், இங்கிலீஷ் படித்தவன்தானே. தரை துடைக்கிற வாசனைத் திரவம் என்று போட்டிருந்தது. வாயுவைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. வாயு வாயுவாகவே கிடந்தது, மேலே எலுமிச்சையைப் பூசியிருந்தார்கள். பீம்ராவிடம் படித்துக் காட்டினேன். அவர் கேனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படிக்கத் தெரியாது என்று அப்போதும் சொல்லவில்லை.

இழவு வீட்டில் தாயம்மா அழுதுகொண்டிருக்கவில்லை. அண்ணன் உள்ளே வந்ததும் நேராகக் கேட்டாள்.

"மோந்து பாத்தியாண்ணா?"

"பாத்தேன் தாயி."

"இன்னா வாசன வந்துச்சு?"

"எலுமிச்சம்பழம்."

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். ஒப்பந்தக்காரனைத் திட்டியிருக்கலாம், என்னைக் கைகாட்டியிருக்கலாம், நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

காரியம் முடிந்ததும் பம்பிங் ஸ்டேஷனுக்குப் போய், இனிமேல் அந்தக் கேனைத் தொட மாட்டேன், மோந்தும் பார்க்க மாட்டேன் என்றார். சரி, அப்படியென்றால் குழிக்குள் இறங்கு என்றார் சூப்பர்வைசர். பீம்ராவ் இறங்கினார். புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒப்பந்தக்காரருக்கு மனம் இளகியதாம். மருந்து ஊற்றுகிற வேலையைத் தாயம்மாவுக்குக் கொடுத்தார்கள். அதே வெள்ளை கேன்.

நான் இன்னொரு மனு எழுதினேன். வாசனைத் திரவம் வேண்டாம், பழைய மருந்தையே ஊற்றுங்கள், அதுவரை ஒன்றும் ஊற்றாதீர்கள் என்று. நாற்பத்தெட்டு வீட்டுக் கதவையும் தட்டினேன். "நாத்தம் திரும்ப வந்துடுமே சார்" என்றார்கள். ஒரு கையெழுத்துக்கூடக் கிடைக்கவில்லை. என் பெயரை மட்டும் போட்டு அனுப்பினேன். பதில் வரவில்லை.

அடுத்த மழையில் மறுபடி எங்கள் கேட்டுக்கு எதிரே அடைப்பு. காலை ஆறு மணிக்குப் பால் வாங்கப் போனபோது தெரு மேல்முனையில் அண்ணனும் தங்கையும் நின்றிருந்தார்கள்.

"இன்னிக்கி ஒரு நாள் ஊத்தாத தாயி. கீழ நான்தான் எறங்குறேன்."

"ஊத்தலன்னா ஃபிளாட்டுலேர்ந்து போன் பூடும்ணா. வேலை போச்சுன்னா ரெண்டு பொட்டப்புள்ளைய வச்சிகினு நான் எங்க போவேன்?"

பீம்ராவ் என்னைப் பார்த்தாரா என்று தெரியாது. பார்த்திருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன்?

கேன் கனம். அவளால் தனியாகச் சாய்க்க முடியவில்லை. பீம்ராவ் அடியில் கை கொடுத்துத் தூக்கிப் பிடித்தார். இரண்டு பேருமாக ஊற்றி முடித்தார்கள். ஒன்பது மணிக்கு எங்கள் கேட்டுக்கு எதிரே அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டார். யாரும் குனிந்து மோந்து பார்க்கவில்லை.