நூற்றைந்தைக் கழி

உப்பளத்து ஷெட்டில் இலவச மருத்துவ முகாம் போட்டார்கள். உப்பு சுமந்துகொண்டிருந்த பெண்களை வரப்பிலிருந்து அப்படியே கூப்பிட்டு வரிசையில் நிறுத்தினார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற என் வீட்டுக்காரரும் ஓசி என்றதும் சவாரியை விட்டுவிட்டு வந்து நின்றார்.

நர்ஸம்மா உயரம் அளந்து, எடை பார்த்து, கணக்கும் சொல்லிக் கொடுத்தார். "சென்டிமீட்டர்ல ஆம்பளைக்கு நூறு கழிங்க, பொம்பளைக்கு நூத்தஞ்சு கழிங்க. மீதிதான் நீங்க இருக்க வேண்டிய கிலோ."

வீட்டுக்காரர் உயரம் நூற்று அறுபத்தைந்து, எடை எண்பத்திரண்டு. பதினேழு கிலோ அதிகம், ராத்திரியில் சோறு வேண்டாம் என்றார்கள். எனக்கு நூற்று ஐம்பத்தைந்து, எடை ஐம்பது. கச்சிதம் என்றார்கள். கல்யாணமான நாளிலிருந்து என் குழம்பையோ பேச்சையோ அந்த வீட்டில் யாரும் கச்சிதம் என்று சொன்னதில்லை. மனசு குளிர்ந்துபோனது உண்மை.

அந்தக் குளிர்ச்சி சாயங்காலம் வரைதான். இரண்டு சப்பாத்தியை முறைத்துக்கொண்டிருந்த மனுஷனுக்கு திடீரென்று ஞானம் பிறந்தது. முகாமில் நான் சும்மாட்டோடு நின்றிருக்கிறேன். கூடைக்கு அடியில் வைக்கிற அந்தத் துணிச்சுருளைக் காலையில் தலையில் வைத்தால் வேலை முடிந்துதான் எடுப்போம். மேலே துண்டு வேறு கட்டியிருந்தேன். நர்ஸம்மா அதையும் சேர்த்து அளந்துவிட்டார், எனக்கும் நினைப்பில்லை. இவர் விடுவாரா? பக்கத்து வீட்டு டெய்லரிடம் டேப் வாங்கி வந்து என்னைச் சுவரோடு ஒட்டி நிற்க வைத்தார். நூற்று ஐம்பது. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவர் மாதிரி முகத்தில் அப்படியொரு பிரகாசம்.

"அஞ்சு கிலோ அதிகம். இன்னிலேர்ந்து நீயும் ராத்திரி சோத்த நிறுத்து," என்றார்.

எனக்குக் கொலைப் பசி. அதைவிடக் கோபம். கணக்கே வராத எனக்கு அந்தக் கோபத்தில் கணக்கு வந்தது. இதே உயரத்தில், இதே எடையில் நான் ஆம்பளையாக இருந்தால் நூறுதானே கழிப்பார்கள்? மீதி ஐம்பது, நானும் ஐம்பது. அப்படியானால் என் உடம்பில் ஒரு குறையும் இல்லை, பொம்பளையாகப் பிறந்ததற்குத்தான் ஐந்து கிலோ அபராதம். எல்லாரும் தின்று முடித்த பிறகு சட்டியை வழிக்கிறவளிடமே இன்னும் கொஞ்சம் கழி என்கிறார்கள். உப்புக் கூடைக்கு மட்டும் அந்தக் கழிவெல்லாம் கிடையாது.

"நாளைக்கு ஒரு நாள் நீங்க வந்து என் கூடையத் தூக்குங்க. அப்பறம் யாரு சோத்த நிறுத்தறதுன்னு பேசலாம்," என்றேன்.

ஆட்டோவுக்கு பிரேக் பார்க்கணுமாம்.

ஒரு தட்டை எடுத்து நிறையச் சோறு போட்டு, சட்டியிலிருந்த மீனில் நடுத்துண்டாகப் பார்த்து வைத்துக்கொண்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் அவர் சாப்பிட்டு எழுவதற்கு முன்னால் நான் தட்டு முன் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். சட்டியில் வாலும் தலையும் மிச்சமிருந்தன. அவரே எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார்.