முறைப் பலகை

மாதத்தின் முதல் தேதி காலையில் தொக்குஜி அண்ணன் தன் வீட்டு வாசலில் தொங்கும் முறைப் பலகையைக் கழற்றுவார். இரண்டு உள்ளங்கை அகலத்தில் ஒரு மரப் பலகை. ‘கோயில் முறை’ என்று எழுதிய மை பாதி அழிந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு ஓகுமா வீட்டுக்குப் போவார். அந்த வீடு பூட்டி வெகு நாளாகிறது. வாசல் ஆணியில் பலகையை மாட்டி, “முறை வந்திருக்குங்க” என்பார். கொஞ்ச நேரம் நிற்பார். தலை குனிந்து வணங்கிவிட்டு, தான் மாட்டியதைத் தானே கழற்றிக்கொண்டு இதாய் வீட்டுக்கு நடப்பார். அதுவும் பூட்டிய வீடு. அதற்கடுத்த நிஷிவாகி வீடும் அப்படித்தான். கடைசியில் ஷிகேனோ அக்கா வீடு. முழங்கால் போனதிலிருந்து அக்கா ஜன்னலை மட்டும் திறந்து, “நான் செத்துட்டேன்னு வச்சுக்கோ, அடுத்த வீட்டுக்குப் போ” என்று கத்துவாள். அடுத்த வீடு மறுபடியும் அவருடையதுதான். பலகை பழைய ஆணிக்கே வந்து சேரும்.

என் சமையலறை ஜன்னலிலிருந்து பல வருடங்கள் இதைப் பார்த்திருக்கிறேன். என் வீடு அந்தச் சுற்றில் கிடையாது. பதினாறு வயதில் ஊறுகாய்த் தொழிற்சாலை வேலைக்காக வந்து வாடகைக்குத் தங்கியவள் நான். முப்பத்தாறு வருடம் ஆகியும் கோயில் குடும்பம் ஆகவில்லை. பலகையோடு என் வாசலைத் தாண்டும்போது அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார்.

கோயில் பெரிதில்லை. நெல்வயல்களுக்கு நடுவே ஒரு மேடு, மூன்று தேவதாரு மரங்கள், சிவப்புச் சாயம் வெளிறிய தோரண வாசல், நாலு பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும் மண்டபம். முறை வீட்டுக்காரர் தினமும் கூட்ட வேண்டும், தண்ணீர் மாற்ற வேண்டும், கோடையில் புல் அறுக்க வேண்டும், குளிர்காலத்தில் பனி தள்ள வேண்டும். நவம்பர் மூன்றாம் தேதி அறுவடைத் திருவிழாவுக்குக் கதவைத் திறந்து புது அரிசி படைக்க வேண்டும். ஐந்து வீடுகள் மாறி மாறிச் செய்த வேலை, ஒரே ஆள் தலையில் வந்து நின்றது.

அவர் வீட்டில் கினுவே அண்ணி நாலு வருடம் படுக்கையில் இருந்தாள். விடியும் முன் அண்ணியைத் துடைத்து, கஞ்சி ஊட்டி, கோயிலைக் கூட்டிவிட்டு வயலில் இறங்குவார். சாயங்காலம் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து வயல் பாதையில் தள்ளிக்கொண்டு வருவார். நாற்காலி படியேறாது. அண்ணி கீழேயே இருப்பாள். அவர் மேலே போய் மணியை ஆட்டி, இரண்டு தடவை குனிந்து, இரண்டு தடவை கைதட்டுவார்.

“என் பங்கையும் தட்டு” என்பாள் அண்ணி.

அவர் இன்னும் இரண்டு தட்டுவார்.

ஒருநாள், “கொஞ்சம் உக்காருங்களேன் அண்ணே” என்றேன்.

“உக்காந்தா எந்திரிக்க மாட்டேன். அதான் உக்காரல” என்றார்.

செப்டம்பர் இருபதாம் தேதி, அறுவடை முடிந்த மறுநாள், அண்ணி இறந்தாள். தீட்டு ஐம்பது நாள். அதுவரை வீட்டுக்காரர் தோரண வாசலுக்குள் கால் வைக்கக்கூடாது. திருவிழா வந்தது நாற்பத்தைந்தாவது நாளில்.

அக்டோபர் முதல் தேதி அவர் வழக்கம்போலப் பலகையோடு சுற்றினார். மூன்று பூட்டிய வாசல்கள். ஷிகேனோ அக்காவின் ஜன்னல். அன்று அக்கா கத்தவில்லை. பிறகு அவர் என் வாசலில் வந்து நின்றார். சட்டைப் பொத்தான்களை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார்.

“மசாயோ, முறை வந்திருக்கு.”

“நான் கோயில் வீடு இல்லையே அண்ணே.”

“தெரியும். டவுன் பூசாரிகிட்ட போன்ல பேசினேன். திருவிழாவுக்குக் கதவு திறக்க ஆளில்லன்னா சாமியை அங்க பெரிய கோயிலோட சேத்துடலாங்கறாரு. இருபது கோயில் பாக்கறாரு, அவரைச் சொல்லியும் குத்தமில்ல. ஆனா எங்கப்பா திறந்த கதவு அது. என் கையால மூடினதா இருக்க வேண்டாம்.”

“பூசாரி முன்னாடி எனக்குப் பேச வராது.”

“நீ எதுக்குப் பேசணும்? அவரு பேசறதுக்கே நேரம் பத்தாது.”

எதிரே ஷிகேனோ அக்காவின் ஜன்னல் படாரென்று திறந்தது. “வாங்கித் தொலைடி! அந்த ஆளு அங்கயே விழுந்தா தூக்க என்னால ஆகாது!”

என் வாசலில் ஆணி இல்லை என்றேன். அவர் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு ஆணியையும் சின்னச் சுத்தியலையும் எடுத்தார்.

திருவிழாவன்று தோரண வாசலுக்கு வெளியே, வரப்பில் நின்றுகொண்டார். ஷிகேனோ அக்கா நடைக்கு உதவும் சின்னத் தள்ளுவண்டியைப் பிடித்து நடந்து வந்து, கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டாள். பூசாரி தன் வெள்ளை வேனுக்குள் சோற்று உருண்டையை அவசரமாக மென்றுகொண்டிருந்தார். அன்று அவருக்கு இன்னும் ஐந்து கோயில் பாக்கி. நான் தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன்.

“அரிசி நடுவுல!” என்று வரப்பிலிருந்து குரல் வந்தது. “தண்ணி இடது, உப்பு வலது!”

“எனக்கு இடதா, சாமிக்கு இடதா?”

“உனக்கு, உனக்கு! சாமி தேடி எடுத்துக்கும்!”

பூசாரி மந்திரம் சொன்னார். நான் குனிந்தேன், தட்டினேன். முடிந்து திரும்பிப் பார்த்தபோது வரப்பில் ஆள் நிற்கவில்லை. பக்கத்துக் கல்தூணில் சாய்ந்து உட்கார்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தூங்கி நான் பார்த்தது அன்றுதான்.

“குளிருதே, எழுப்பட்டுமா?” என்றார் பூசாரி.

“அவரைத் தொட்டீங்க, உங்க தொப்பி வயல்ல கிடக்கும்” என்றாள் ஷிகேனோ அக்கா.

பூசாரி சத்தமில்லாமல் வேனைக் கிளப்பிக்கொண்டு போனார். அக்கா தன் சால்வையைக் கழற்றிக் கொடுத்தாள். நான் போய் அவர்மேல் போர்த்தினேன். இரண்டு மணி நேரம் நாங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

தீட்டு கழிந்த மறுநாள் அவர் தோரண வாசல் வழியாக வந்தார். மணியை ஆட்டினார். இரண்டு தட்டினார். கொஞ்சம் பொறுத்து இன்னும் இரண்டு. துடைப்பம் தூணில் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்தார், எடுக்கவில்லை. படியிறங்கிப் போய்விட்டார்.

டிசம்பர் முதல் தேதி பலகையை எடுத்துப்போய் அவர் வீட்டு ஆணியில் மாட்டினேன். “முறை வந்திருக்கு அண்ணே” என்றேன். எனக்கே கேட்காத குரல். அவர் கதவைத் திறந்து பலகையைப் பார்த்தார். பிறகு தலை குனிந்து வணங்கி, அதைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

“அடுத்த வீட்டுக்குக் கொண்டு போ.”

அவருக்கு அடுத்த வீடு இப்போது என்னுடையதுதான். மூன்று வருடம் ஆகிறது. பலகை என் வாசலில் தொங்குகிறது. முதல் தேதியில் அதை அவர் வீட்டுக்கு மட்டும் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வருகிறேன். பூட்டிய வீடுகளுக்குப் போவதில்லை. காலையில் தொழிற்சாலைக்குக் கிளம்பும் முன் நான் கூட்டுகிறேன். என் முதுகும் வலிக்க ஆரம்பித்திருக்கிறது. தொக்குஜி அண்ணன் வாரத்துக்கு ஒருமுறை வந்து கும்பிட்டு, கீழ்ப்படியில் சற்று உட்கார்ந்துவிட்டுப் போகிறார்.