இன்னிக்குப் பாத்திரம் யார் முறை?

போன வருடம் ஐப்பசி மாதம், ஒரு சனிக்கிழமை. கள்ளக்குறிச்சியில் என் வீட்டுக்குப் பெண் வீட்டார் வந்து உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளையின் அம்மாவான நான் கல்வராயன் மலைப்பாதையில் பஸ்ஸுக்குள் மாட்டிக்கொண்டிருந்தேன்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. கணவர் காலமாகிவிட்டார். இரண்டு மகன்களும் என்னோடுதான் இருக்கிறார்கள். பெரியவனுக்கு உரக்கடையில் வேலை, சின்னவன் பேனர் கடையில் டிசைன் செய்கிறான். எனக்குத் தலைமையாசிரியை பதவி உயர்வு வந்தபோது கிடைத்த இடம் கரியாலூர் பக்கம் ஒரு மலைக்கிராமம். விடியும்போது பஸ் ஏறினால் திரும்பி வர இருட்டிவிடும். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கத்தான் இருந்தேன். "வூட்ட நாங்க பாத்துக்கிறோம், நீ போம்மா" என்று இரண்டு பேரும் ஒரே பிடியாக நின்றார்கள்.

வாய்ப்பேச்சோடு நிற்கவும் இல்லை. ஒருநாள் ஒருவன் சமைக்க வேண்டும், மற்றவன் பாத்திரம் கழுவ வேண்டும் என்று அவர்களே முறை வைத்துக்கொண்டார்கள். ஆரம்பத்தில் ரசத்தில் உப்பு மட்டும்தான் தெரியும். போகப் போக, சின்னவனின் காரக்குழம்பு என் குழம்பைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. சொன்னால் தலைகால் புரியாமல் ஆடுவான் என்று சொல்லாமல் வைத்திருந்தேன்.

ஆனால் ஊர் கண்ணுக்கு இது நல்லதாகத் தெரிய வேண்டுமே! பெரியவனுக்கு முதலில் வந்த சம்பந்தம் இதனால்தான் தட்டிப் போனது. "மாமியாக்காரி மலைக்குப் பூடுறா. எங்க பொண்ணு வந்து எல்லாருக்கும் வடிச்சுக் கொட்டணுமா?" என்று தரகரிடம் சொல்லிவிட்டார்களாம். அதிலிருந்து எனக்குத் தூக்கமே சரியில்லை.

அடுத்து வந்தது உளுந்தூர்பேட்டைப் பக்கத்துக் குடும்பம். நாங்கள் போய்ப் பெண்ணைப் பார்த்தோம், அவனுக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. இனி அவர்கள் வீடு பார்க்க வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்றேன். அன்றைக்கு நானே அடுப்படியில் நின்று, பிள்ளைகள் கரண்டி பிடிக்கிற விஷயத்தை மூச்சுவிடாமல் மறைத்துவிடலாம் என்று திட்டம்.

ஞாயிறு அஷ்டமி. நான் காலண்டரைப் பார்க்கவில்லை, அவர்கள் பார்த்துவிட்டார்கள். மழை விடுமுறைக்கு ஈடாக அந்தச் சனிக்கிழமை பள்ளி வைத்திருந்தோம். தரகர் போன் செய்தார். "நாளைக்கு அஷ்டமியாங்க. இன்னிக்கே வந்துகினு இருக்கோம்."

பதறிக்கொண்டு பஸ் ஏறினேன். பாதி மலையில் மரம் விழுந்து வழி அடைத்துக் கிடந்தது. சிக்னல் கிடைத்த இடத்தில் இறங்கிப் பெரியவனுக்குப் போன் போட்டேன். எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டு ஏதாவது செய்யச் சொல், நீங்கள் அடுப்படிப் பக்கமே போகாதீர்கள், சமையலுக்கு ஆள் வைத்திருக்கிறோம் என்று சொல் என்றேன்.

"அதெல்லாம் வேணாம்மா. பொய் சொல்லிக் கட்டிகினு வந்துட்டு, அப்புறம் இன்னா பண்றது? நம்ம வூடு எப்டியோ அப்டியே பாக்கட்டும்" என்றான். லைன் கட்டாகிவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு, மரத்தை நானே இழுத்துப் போட்டிருப்பேன். அழுகையும் வந்தது. இந்தச் சம்பந்தமும் போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வீடு பார்க்க வருகிறவர்கள் காபி குடிப்பார்கள், சோற்றில் கை நனைக்க மாட்டார்கள். கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம்.

மரத்தை அறுத்து ஒதுக்கி, நான் வீடு சேரும்போது மத்தியானம் சாய்ந்துவிட்டது. வாசலில் செருப்புகள் அப்படியே கிடந்தன. உள்ளே போனால், பெண்ணின் அப்பா இலையில் சாதத்தைப் பிசைந்துகொண்டிருக்கிறார். சின்னவன் காரக்குழம்பு ஊற்றுகிறான். நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

பெண்ணின் அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். "காபி குடிச்சுட்டுக் கெளம்பலாம்னுதாங்க இருந்தோம். உள்ள ஒரே சத்தம். 'நான் சமைச்சா நீதான கழுவணும், மாப்ளன்னா சட்டம் மாறிடுமா?'ன்னு சின்னவரு சண்ட போடறாரு. மாப்ள வேட்டிய மடிச்சுக் கட்டிகினு போயி பாத்திரம் கழுவறாரு. எங்களுக்காக நடிச்சா இப்டி சண்ட வருமாங்க? எம் பொண்ணு இந்த வூட்ல கஷ்டப்பட மாட்டா. எலை போடுங்கன்னு நான்தான் கேட்டேன்."

பரிசு வாங்கும் பிள்ளைகளின் அம்மாக்கள் பள்ளி மேடைக்குக் கீழே எப்படி நிற்பார்கள் என்று வருடா வருடம் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நான் அப்படி நின்றேன். பெரியவன் ஈரக்கையைத் துடைத்தபடி வந்து, "உனக்கும் எலை போடட்டாம்மா?" என்று ஒன்றுமே நடக்காத மாதிரி கேட்டான். போடுடா என்றேன். குழம்பு அமிர்தம் என்று சின்னவனிடம் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன், ஆடட்டுமே!

தை மாதம் கல்யாணம் நடந்தது. மருமகளும் வேலைக்குப் போகிறாள். முறை இப்போது மூன்று பேருக்கு, சண்டையும் மூன்று குரலில். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அது காதில் விழும். எதை மறைக்கச் சொல்லி அன்று கெஞ்சினேனோ, அதைப் பார்த்துத்தான் இவளை இந்த வீட்டுக்குக் கொடுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டு, தலை நிமிர்ந்து மலைக்குப் போகிறேன்.