திட்டு வாங்கி எடுத்த படம்

நாளை வகுப்பில் ஒரு படமாவது தேறாவிட்டால், இந்த வயதில் பிடிவாதமாகச் சேர்ந்த புகைப்படப் படிப்பை விட்டு நான் வெளியேற வேண்டியதுதான்.

என் படங்களில் எல்லோரும் பொம்மை போல இருக்கிறார்களாம். ஆசிரியைக்கு என் மகள் வயது. "சார், யாரையும் போஸ் கொடுக்க வைக்காதீங்க, ப்ளீஸ்" என்கிறார். யாரிடமும் கற்காமல், மயிலாப்பூரில் ஆயுள் முழுக்கக் கல்யாணப் படம் எடுத்தவனிடம்!

இன்று காலை நொச்சிக்குப்பம் போனேன். சாலையோரம் மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் அனுமதி கேட்டுக் கேமராவைத் தூக்கினேன். என் வாய் தானாகச் சொன்னது: "தாடையைக் கொஞ்சம் தூக்கும்மா."

உடனே அவர் கத்தியை வைத்துவிட்டு, முடியைக் கோதி, விறைப்பாக உட்கார்ந்துகொண்டார். மறுபடி மறுபடி இதே கதை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் அவர் பொறுமை இழந்தார். "யோவ் பெர்சு, இன்னாய்யா நீ? வந்த கிராக்கியெல்லாம் திரும்பிப் போய்க்கினு கீது! கெளம்பு!"

பயத்தில் விரல் கேமரா பொத்தானை அழுத்திவிட்டது. கையில் மீனோடு அவர் என்னைத் திட்டுகிறார். நான் எடுத்ததிலேயே உயிருள்ள படம் அதுதான். ஆசிரியை சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொள்ளவே வயிறு எரிகிறது.

ஆனால் படம் கோணலாக இருக்கிறது. நிமிர்த்தாமல் கொடுக்கக் கை வரவில்லை. நிமிர்த்தவா, அப்படியே விடவா? விடச் சொல்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.