ஸ்டெல்லாவின் குரல் ஸ்வாப்பில் போன கதை

என் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்கிற இயங்குதளம் இரண்டு உண்டு. இடம் மிச்சமாகட்டும் என்று நினைவகத்தில் இருப்பதைத் தற்காலிகமாக இறக்கிவைக்கும் ஸ்வாப் பகுதியை இரண்டுக்கும் ஒன்றாகவே கொடுத்திருந்தேன். அந்தப் புத்திசாலித்தனத்தை எங்கள் ஊர் முட்டம் முழுக்கப் பீற்றியும் திரிந்தேன்.

என் மனைவி ஸ்டெல்லாவுக்குத் தொண்டையில் அறுவை. அதன்பின் பேச்சு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போனில் இரைச்சல் விழும் என்று, முந்தின நாள் கம்ப்யூட்டர் மைக்கை நீட்டி, "என்னைய ஏசு, பதிவு பண்ணணும்" என்றேன்.

"செருப்ப வாசல்ல போடத் தெரியாது, கம்ப்யூட்டர்ல ரெண்டு சிஸ்டம் போட்டிருக்கியளாக்கும்" என்று தொடங்கி அரைமணி நேரம் ஏசினாள். கடைசியில் இருவரும் சிரித்தோம்.

ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் அவசரத்தில் பதிவைச் சேமிக்காமல், திறந்தது திறந்தபடியே அணைத்துவைக்கும் ஹைபர்னேட்டில் கம்ப்யூட்டரைப் போட்டேன். நினைவகத்தில் இருந்ததெல்லாம் ஸ்வாப்பில் போய் உட்கார்ந்தது. அறுவை முடிந்த மறுநாள், ஸ்கேன் படம் பார்க்க மற்ற லினக்ஸைத் திறந்தேன். அது ஸ்வாப்பைத் தன்னுடையது என்று எடுத்து, அதில் இருந்ததன் மேலேயே எழுதிவிட்டது.

பழைய லினக்ஸுக்குத் திரும்பி வந்தால் பதிவு இல்லை. வயரைப் பிடுங்கிச் செருகினேன். மானிட்டரைத் தட்டினேன். மைக்கில் "ஸ்டெல்லா" என்று கூப்பிட்டும் பார்த்தேன். அப்புறம் அழுதேன்.

வீட்டுக்கு வந்தவளிடம் சொன்னேன். "போட்டும், புதுசா ஏசுதேன்" என்று எழுதிக் காட்டினாள்.

இப்போது இரண்டுக்கும் தனித்தனி ஸ்வாப். எதையும் சேமிக்காமல் நாற்காலியை விட்டு எழுவதில்லை. அவள் எழுதித் தரும் ஏச்சை நானே சத்தமாக வாசிக்கிறேன். எப்படி வாசித்தாலும் அது என் குரலாகத்தான் இருக்கிறது.