அர்பாயா சின்னம்மா வைரம் பார்க்கிறார்

அடுப்பில் விரால் குழம்பு தேங்காய்ப்பாலில் தளதளவென்று கொதிக்க, அர்பாயா சின்னம்மா ஒரு கையில் அகப்பையும் மறு கையில் வைரமுமாக நிற்கிறார். கல்லை நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையில், முகம் மேலே தெரிய இடுக்கியிருக்கிறார். ஒரு கிளறு, கையை ஒரு திருப்பு, ஓரக்கண்ணால் ஒரு பார்வை. மறுபடி ஒரு கிளறு. கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் பிங்கா பணியாரத்தைப் பிய்த்துத் தின்றபடி காத்திருக்கிறார்கள். நகைக்கடை ஹாஜி பஹ்ரூன் மட்டும் பணியாரத்தைத் தொடவில்லை. தன் கல் குழம்பில் விழுந்து தொலைக்குமோ என்று சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"விழுந்தா என்ன ஹாஜி, முள்ளோட சேத்து எடுத்துக் குடுத்துடறேன்" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது.

ஒரு தடவை நிஜமாகவே விழுந்ததாம். மாப்பிள்ளையின் பெரியப்பா சோற்றோடு விழுங்கிவிட்டாராம். கல் வெளியே வரும்வரை எங்கள் மார்த்தாபுரா ஊரே அவர் போகுமிடமெல்லாம் மரியாதையாகப் பின்னால் போயிற்றாம். சின்னம்மா இந்தக் கதையை ஒப்புக்கொண்டதும் இல்லை, மறுத்ததும் இல்லை.

போர்னியோவின் வைரமெல்லாம் எங்கள் ஊரில்தான் பட்டை தீட்டப்படுகிறது. சின்னம்மாவின் கண்ணில் படாமல் நிச்சய மோதிரத்துக்குக் கல் பதிக்க இங்கே யாருக்கும் துணிவில்லை. அவர் பூதக்கண்ணாடி வைத்துக்கொள்வதில்லை. கடையில் உட்கார்ந்தும் பார்ப்பதில்லை. "கடை விளக்குக்கடியில வெச்சா கண்ணாடிச் சில்லும்தான் மினுக்கும். கட்டிக்கப் போறவ என்ன கடையிலயா குடித்தனம் பண்ணப் போறா? அடுப்படி இருட்டுல கை வேலையா நிக்கறப்ப, குனிஞ்சு பாத்தா அது அவளப் பாத்துச் சிரிக்கணும்." புகை படிந்த அந்தச் சமையலறை ஜன்னலுக்கு இதுவரை எத்தனையோ கற்கள் பதில் சொல்லியிருக்கின்றன. பாதிக்கு மேல் தோற்றுத் திரும்பியிருக்கின்றன.

தோற்றவற்றுக்கு அவர் வைக்கும் பெயர்கள் ஊரெல்லாம் பரவிவிடும். எடை குறையக் கூடாதென்று அடிப்பக்கத்தைக் கனமாக விட்டுத் தீட்டிய கல் என்றால், "ஐயோ, இவ முழுகாம இருக்காளே. வயித்துல இருக்கறதுக்கும் சேத்துல்ல காசு கேப்பாங்க? வேண்டாம், நிச்சயத்துக்கு ஆகாது" என்று தாளோடு மடித்துக் கொடுத்துவிடுவார். அளவுக்கு மீறித் தட்டையாகத் தீட்டியது செத்த மீன் கண்ணு. வெளிச்சம் அடிவழியே ஒழுகிப்போய் நடுவில் கறுத்துக் கிடப்பது தூங்குமூஞ்சி. நல்ல கல்லுக்கு மட்டும் பெயர் கிடையாது. "உள்ள போன வெளிச்சம் வீட்டு ஞாபகம் வந்து திரும்பி வந்துருச்சு" என்பார். அதற்குமேல் புகழ்ச்சி எதிர்பார்க்கக் கூடாது.

கல்லை அவர் 'அவ' என்று சொல்வது சும்மா இல்லை. அவர் பிறந்தது செம்பகாவில், வைரக் குழிகளின் நடுவே. அங்கே குழியில் நிற்கும்போது யாரும் வைரம் என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டார்கள். 'கலுஹ்' என்பார்கள்; வீட்டுப் பெண்பிள்ளையைச் செல்லமாகக் கூப்பிடும் சொல் அது. பேரைச் சொன்னால் மிரண்டு ஓடிவிடுவாளாம். சின்னம்மாவும் சிறுமியாக இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, அகன்ற மரத்தட்டில் சரளையை வைத்துச் சுழற்றி அலசியவர்தான். பக்கத்தில் அவர் தகப்பனார், "வாடி கலுஹ், வெட்கப்படாதே, சோறு ஆறிப்போகுது" என்று மணலைக் கெஞ்சிக்கொண்டிருப்பார். அந்தக் குரலைச் சொல்லிக் காட்டும்போது மட்டும் சின்னம்மா கிண்டலை விட்டுவிடுவார். செம்பகா பஸ்ஸில் ஏறினால் ஒரு தூக்கம் போடுமுன் வந்துவிடும் ஊர். தகப்பனார் போனபின் அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அவருடைய நிச்சய மோதிரம் சுண்டுவிரலில் இருக்கிறது. ஏன் என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு கதை சொல்வார். மோதிரவிரலை முதலை முகர்ந்துவிட்டது என்பார். மெக்காவில் இப்போது இதுதான் மோஸ்தர் என்று ஹாஜி பஹ்ரூனிடமே சொல்ல, அவரும் நம்பி, தன் மனைவிக்கு ஒன்று செய்து போட்டார்.

போன வருடம் அவருடைய ஒரே மகன் ஹுமைடி, செம்பகாவில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருப்பதாக வந்து சொன்னான். பெயர் மஹ்ரித்தா. தகப்பனோடு குழியில் இறங்கித் தட்டு சுழற்றுகிறவள். "அப்படியா, நல்லது" என்றார் சின்னம்மா. நோன்பு மாதம் பிறக்குமுன் மோதிரத் தாம்பாளம் போக வேண்டும் என்று பேச்சானது. அதற்கும் "நல்லது" என்றார். கல் பார்க்கத் தொடங்கினார்.

பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். ஹாஜி பஹ்ரூன் கொண்டுவந்ததெல்லாம் வந்த வழியே போயிற்று. பிறகு சின்னம்மாவின் கணவர் ஷஹ்ரான், பட்டறைச் சக்கரத்தின் முன் உட்கார்ந்தே முதுகு வளைந்தவர், வருங்கால மருமகளுக்கென்று தானே ஒரு கல்லை எடுத்துத் தீட்டினார். எடை போனால் போகட்டும் என்று அடியை ஒட்ட இறக்கி, பட்டைக்குப் பட்டை நேர்வைத்து, பிள்ளை பெற்றவரைப் போலக் கொண்டுவந்து நீட்டினார். சின்னம்மா அடுப்படிக்குப் போய் வந்தார்.

"ஆறிப்போன டீத்தண்ணி நிறம்."

ஷஹ்ரான் வெள்ளைத் தாளில் வைத்துக் காட்டினார். நிறம் ஒன்றும் இல்லை. மறுநாள் ஒரு பட்டை கோணலாகத் தெரிந்தது. அதற்கு மறுநாள் வேறொன்று.

"இவ கொஞ்சம் சோம்பலா இருக்கா, அபா" என்றார் கணவரிடம், கல்லை நீட்டி.

ஷஹ்ரான் சக்கரத்தை நிறுத்தினார். "அர்பாயா, கல்லுல குறை இருந்தா சொல்லு, திரும்பத் தீட்டறேன். பொண்ணுல குறை இருந்தா அதையும் நேரா சொல்லு. என் கல்லு தலையில கட்டாதே."

"பொண்ண நான் இன்னும் பாக்கவே இல்லியே. எப்படிக் குறை சொல்வேன்?"

"அதத்தான் கேக்கறேன். ஊரான் வீட்டுக் கல்லுக்கு அடுப்படிக்கும் வாசலுக்கும் ஓடறவ, சொந்தப் பையனுக்குன்னா ஒரு பஸ் ஏற மாட்டேங்கற. பொண்ணோட அப்பா சொல்லியனுப்பிட்டாரு, தெரியுமில்ல? நோன்புக்குள்ள தாம்பாளம் வரலேன்னா அவங்க அத்தை பையனுக்குச் சரின்னு சொல்லிடுவாராம். உம் புள்ள வீட்டுல சோறு தின்னு எத்தனை நாளாச்சுன்னு பாத்தியா?"

"கடையில சோத்தோ சூப்பு நல்லாருக்கும் போல."

"எங்கம்மா குழிக்கே வந்து உன்னப் பாத்தாங்களே."

"வந்தாங்க. சொந்தக்காரப் பொம்பளைங்க அத்தனை பேரையும் கூட்டிக்கிட்டு வந்தாங்க" என்றார் சின்னம்மா.

அந்த நாளை ஷஹ்ரானும் மறக்கவில்லை. நிச்சயத்தன்று பட்டுத்துணி விரித்து, ஊதுபத்தி ஏற்றி, அவர் அம்மா மோதிரத்தை எடுத்து அர்பாயாவின் விரலில் போட்டார். தட்டைப் பிடித்துப் பிடித்துப் புடைத்த விரல் அது. மோதிரம் கணுவோடு நின்றுவிட்டது. தேங்காய் எண்ணெய் வந்தது. சோப்பு வந்தது. "ஆம்பளை விரலால்ல இருக்கு" என்று யாரோ சொல்ல, பாய் முழுக்கச் சிரிப்பு. மாமியார்தான் மோதிரத்தை உருவிச் சுண்டுவிரலில் மாட்டி, "எங்க வீட்டு வழக்கம் இதுதான்" என்று ஒரே போடாகப் போட்டு வாய்களை அடைத்தார். வாய்கள் அடைந்தன. காதில் விழுந்த சிரிப்பு மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

கணவரோடு அந்தப் பேச்சு நடந்த மறுநாள் காலை, கல்லைச் சால்வை முனையில் முடிந்துகொண்டு சின்னம்மா செம்பகா பஸ்ஸில் ஏறினார். யாரிடமும் சொல்லவில்லை.

குழிகளின் ஓரத்தில் இப்போது மோட்டார் பம்புகள் இரைந்துகொண்டிருந்தன. தண்ணீரின் நிறம் மட்டும் மாறவில்லை. அதே பால் கலந்த டீ. கிழிந்த தார்ப்பாய் நிழலில், இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு பெண் தட்டைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். கரையில் சுருட்டுப் பிடித்தபடி இருந்த ஆள் "மஹ்ரித்தா, யாரோ வந்திருக்காங்க பாரு" என்றார்.

"யாரத் தேடறீங்க, சின்னம்மா?"

"வெயிலுக்கு ஒதுங்கினேன். ஏதாச்சும் கிடைச்சுதா?"

"எங்க? காலையிலேருந்து கூப்பிடறேன். கலுஹுக்கு இன்னிக்கு வெட்கம். சோறு ஆறிப்போகுதுன்னு சொல்லிக்கூடப் பாத்துட்டேன்."

சின்னம்மா கரையில் குந்தி உட்கார்ந்தார்.

"கையக் கழுவிட்டு இப்படி நீட்டு."

"எதுக்கு?"

"நீட்டுன்னா நீட்டணும்."

அவள் சிரித்தபடி கழுவி நீட்டினாள். சின்னம்மா முடிச்சை அவிழ்த்து, கல்லை எடுத்து, அவள் விரல்களின் இடுக்கில் முகம் மேலே தெரிய வைத்தார். தார்ப்பாயின் கீழே அடுப்படியைவிட மோசமான இருட்டு. கிழிசல் வழியாக இறங்கிய இத்தனூண்டு வெளிச்சத்தை அந்தக் கல் எங்கேயோ பிடித்து உள்ளே வாங்கியது. வாங்கியதையெல்லாம் அப்படியே அந்தப் பெண்ணின் முகத்தில் திருப்பி வீசியது.

"எங்ககிட்ட வர்றப்ப உப்புக்கல்லு மாதிரி இருப்பா" என்றாள் மெதுவாக. "கைய விட்டுப் போனப்புறம் இப்படியா ஆயிடறா? நான் பாத்ததே இல்ல." பிறகுதான் கேட்டாள்: "இவ யாருக்குப் போறா, சின்னம்மா?"

சின்னம்மா சால்வை ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவினார். அந்தப் பெண்ணின் மோதிரவிரலைப் பிடித்து, நூலைச் சுற்றி, அளவுக்கு முடிச்சுப் போட்டு, மிச்சத்தைப் பல்லால் கடித்து அறுத்தார். நூலை அவர் சுற்றியது விரலின் அடியில் அல்ல, புடைத்து நின்ற கணுவின் மேல்.