முப்பத்திரண்டு புள்ளியில் ஓர் உண்டியல்

கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைக்கிற ஒருவரிடம் நான் நான்கு வருடம் வேலை பார்த்தேன். தொண்ணூறுகளின் கடைசி. மந்தைவெளியில் ஒரு டி.டி.பி. சென்டர். ஆய்வேடு, கல்யாணப் பத்திரிகை, சபா நோட்டீஸ் எல்லாம் அங்கே டைப் ஆகும். முதலாளிக்கு டைப்பும் தெரியாது, பக்கம் அமைக்கவும் தெரியாது. திரையில் இருக்கும் குட்டிப் படங்களை, அதாவது ஐகான்களை, மாற்றலாம் என்பது மட்டும் தெரியும். அதை யாரோ சொல்லிக்கொடுத்துத் தொலைத்திருந்தார்கள்.

கால்குலேட்டருக்குத் தராசு. டைப் செய்யும் சாஃப்ட்வேருக்கு மயிலிறகு. கம்ப்யூட்டரையே குறிக்கும் படத்துக்குப் பிள்ளையார், அதுவும் வடகிழக்கு மூலையில். திரைக்கு எது வடகிழக்கு என்று அரை நாள் யோசித்தார். இன்னொரு ஐகானுக்கு வைத்த முருகன் படத்தின் கீழ்மூலையில், ஷார்ட்கட் என்று காட்டக் கம்ப்யூட்டர் தானாகவே போடும் அம்புக்குறி வந்ததும், சாமி காலில் அம்பு பாய்ந்துவிட்டது என்று பதறி அதை எடுக்கச் சொன்னார். வாடிக்கையாளர்கள் ப்ரூஃபும் கையுமாக வாசலில் காத்திருக்க, நான் அம்பு பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஒரு மனிதர் இத்தனை வெட்டியாக இருக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

கடைசியில் குப்பைத்தொட்டிக்கு வந்து சேர்ந்தார். வேண்டாத ஃபைல்களைப் போடுகிற தொட்டி. அதுவும் பிள்ளையார் இருக்கிற திரையிலேயே இருந்தது.

“ஏன்டா, குப்பைத்தொட்டிய வெச்சுண்டா சாமி கும்பிடறது? அத ஒரு உண்டியலா மாத்திடேன்.”

வரைந்தேன். அகலம் முப்பத்திரண்டு புள்ளி, அதாவது பிக்சல், உயரம் முப்பத்திரண்டு புள்ளி. பித்தளை நிறம், மேலே கறுப்பாக ஒரு பிளவு, நெற்றியில் திருநீற்றுப் பட்டை. உள்ளே ஃபைல் இருந்தால் பிளவில் ஒரு தாள் எட்டிப் பார்க்கும்படி இன்னொரு படம். இளக்காரத்தோடுதான் ஆரம்பித்தேன். முடித்தபோது பெருமையாக இருந்தது, அந்த வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். கீழே இருந்த பெயரையும் உண்டியல் என்று ஆங்கில எழுத்தில் மாற்றினேன். ஃபைலைப் போடும்போது நிச்சயம்தானா என்று கேட்கிற பெட்டியையும் அவர் நிறுத்தச் சொன்னார். உண்டியலில் போடுகிறவனை யாராவது கேள்வி கேட்பார்களா என்பது அவர் வாதம். இனி அதைக் குப்பைத்தொட்டி என்று யாரும் சொல்லக்கூடாது என்றும் உத்தரவு போட்டார். வெள்ளிக்கிழமை காலையில் மானிட்டருக்குப் பொட்டு வைத்து, ஊதுபத்தி காட்டி, உண்டியலைக் காலி செய்வார். வாரம் முழுக்க அவர் செய்கிற வேலை அது ஒன்றுதான்.

அப்போது நொச்சிக்குப்பத்திலிருந்து ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். கம்ப்யூட்டர் புதிது. ஆறு மாதம் தாக்குப்பிடித்தால் முதலாளி அனுபவக் கடிதம் தருவார், அதைக் காட்டிப் பெரிய அச்சகம் ஒன்றில் சேர்ந்துவிடலாம் என்று வந்தவுடனேயே என்னிடம் சொன்னாள். இரண்டாம் நாள் திரையைக் காட்டிக் கேட்டாள்.

“இது இன்னாண்ணா, உண்டியலா?”

“ஆமா, உண்டியல்தான்.”

அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. இதுகூடத் தெரியாமல் வந்துவிட்டாளே என்று உள்ளுக்குள் சிரித்தேன். முதலாளியைப் பார்த்துச் சிரித்துப் பழகி, யாரைப் பார்த்தாலும் அப்படிச் சிரிக்கத் தொடங்கியிருந்தேன்.

ஒரு கல்லூரி ஆசிரியையின் ஆய்வேடு அவளிடம் வந்தது. நூற்றெண்பது பக்கம். ஒரு மாதம் உட்கார்ந்து அடித்தாள். திங்கட்கிழமை அதைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். வியாழன் மாலை கடைசித் திருத்தத்தையும் முடித்தாள். பத்திரமாக இருக்கட்டும் என்று ஃபைலை இழுத்து உண்டியலில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலையில் முதலாளி ஊதுபத்தி கொளுத்தினார்.

பத்து மணிக்கு ஆசிரியை வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது ஃபைல் இல்லை.

“உண்டியல்லதான சார் போட்டேன். அதுல போட்டா பத்திரம்தான?”

“அது குப்பைத்தொட்டின்னு கொழந்தைக்குக்கூடத் தெரியுமேம்மா” என்றார் முதலாளி. உத்தரவு போட்ட அதே வாய்.

அவள் என்னைப் பார்த்தாள். ‘என்னிடம் கேட்டாள் சார், நான்தான் சொல்லவில்லை.’ இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. கீபோர்டில் தூசி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆசிரியையிடம் திருத்தம் போட்ட தாள்கள் இருந்தன. அவர் படிக்கப் படிக்க வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் உட்கார்ந்து அந்தப் பெண் மொத்தத்தையும் மறுபடி அடித்தாள். திங்கட்கிழமை ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. அன்று மாலையே நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி அவளிடம் சொல்லிவிட்டார். கடிதம் கிடையாது. சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

டிபன் பாக்ஸைப் பையில் வைத்தபடி என் மேஜை அருகே வந்து நின்றாள்.

“நீதான வரைஞ்ச? நெசம் உண்டியல் மாதிரியே கீதுண்ணா.”

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை முதலாளி மானிட்டருக்குப் பொட்டு வைத்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். நடந்ததை யோசித்தாராம். பழைய குப்பைத்தொட்டிப் படத்தையே போட்டுவிடச் சொல்வார் என்று நினைத்தேன்.

“அதுக்கு ஒரு பூட்டு வரைஞ்சுடேன். கண்டவா போடாம இருப்பா.”

மஞ்சளில் ஆறு புள்ளி, கறுப்பில் மூன்று. கால் மணி நேரத்தில் வரைந்து கொடுத்தேன். நிஜப் பூட்டு மாதிரியே இருந்தது.